இடது முன்சக்கரம்

எனக்கு மூக்குமேல் கோபம் என்று என்னைப் பெற்றவளே சொல்லுவாள். இருக்கட்டும். அதே முகத்தில் இரண்டு பக்கமும் காது இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. புனே பக்கம் போசரியில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடமாக அந்தக் காதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நாங்கள் செய்வது ஹப். கார்ச் சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் தட்டும், அந்தத் தட்டைச் சுழல வைக்கும் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த உருப்படி அது. ஒவ்வொன்றாக எடுத்துக் கையால் சுழற்றி, பிறகு இயந்திரத்தில் ஓடவிட்டு, சத்தமும் அதிர்வும் சரியா என்று பார்த்து, நல்லது வேறு கெட்டது வேறாகப் பிரிப்பது என் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கையில் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன்.

அன்று திங்கட்கிழமை. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுக் காரை நான் எடுத்துக்கொண்டு போனேன். சாங்வி தாண்டி வேகம் ஐம்பதைத் தொட்டதும் காலுக்கடியில் ஒரு உறுமல். முதலில் டயர் என்றுதான் நினைத்தேன். நாசிக் பாட்டா மேம்பாலத்தில் ஏறி வலது பக்கம் வளைந்தபோது உறுமல் கூடியது. இடது பக்கம் திருப்பியதும் அடங்கியது. டயர் தேய்ந்திருந்தால் நேராகப் போனாலும் வளைந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கத்தும். வலது பக்கம் வளையும்போது வண்டியின் கனமெல்லாம் இடது சக்கரத்தில் போய் உட்காருகிறது. கனம் ஏறினால் கத்துகிறது என்றால் இடது ஹப் போய்விட்டது. ஸ்டியரிங்கிலும் லேசான நடுக்கம் இருந்ததால் முன்சக்கரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, இடது முன்சக்கரத்து ஹப் போயிருச்சு. சனிக்கிழமைக்குள்ள மாத்தியாகணும்."

அவர் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரோடு அப்படிக் கெடக்குது. மெட்ரோ மெட்ரோன்னு தோண்டிப் போட்டிருக்கானுங்க, சத்தம் வராம என்ன பண்ணும்?"

"வலது பக்கம் திரும்புறப்ப மட்டும் ரோடு மோசமாகுமாங்க?"

"உனக்கு எதை எடுத்தாலும் பேரிங்குதான். அன்னிக்கு ஃபேன் சத்தத்துக்கும் அதையேதான் சொன்ன."

ஃபேனிலும் பேரிங்தான் போயிருந்தது. சொல்லி என்ன பிரயோஜனம், செவிடன் காதில் ஊதின சங்கு.

சனிக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் மகளுக்கு நவி மும்பையில் ஸ்கேட்டிங் போட்டி. ஒன்பது வயது. அன்று விடிகாலை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு அதே காரில் காட் மலைச்சாலையில் இறங்க வேண்டும். போசரியில் எங்களுக்கு வாராந்திர விடுமுறை வியாழக்கிழமைதான். சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட். காட் ரோடு என்றால் சரிவு, வளைவுக்கு மேல் வளைவு, பக்கத்தில் உரசிக்கொண்டு வரும் கன்டெய்னர் லாரி. தேய்ந்த ஹப் முதலில் உறுமும், பிறகு சூடாகும், பிறகு சக்கரம் ஆட்டம் கொடுக்கும். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சக்கரத்துக்கு இரண்டடி பின்னால் என் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அவளே கேட்டாள், "அம்மா, காடி ஏன் ம்ம்ம்னு சொல்லுது?" என்று. அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வரும், வண்டியைக் காடி என்பாள், ஆனால் காது என்னுடையது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் சாங்வியில் எங்கள் வண்டியை எப்போதும் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மராத்திக்காரர், நல்ல மனிதர், என்னை வைனி என்று அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அண்ணன் என்கிற முறையில் நான் அவரைத் தாதா என்பேன். நாங்கள் பேசியது இந்தியும் மராத்தியும் கலந்த புனே பாஷை. அதை என் தமிழில் சொல்கிறேன்.

"டயர் சத்தம் வைனி. நாலையும் மாத்திடலாம்."

"ஓட்டிப் பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க? ஜாக்கி போடுங்க தாதா."

"சாஹேப் வரட்டும். சாஹேப்கிட்ட பேசிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஓட்டி வந்தது நான், சத்தத்தைக் கேட்டது நான், அந்தச் சாமானைச் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்ப்பதும் நான். பேசுவது மட்டும் சாஹேப்பிடமாம், என் கணவரிடம்! நானே ஜாக்கியை இழுத்துப் போட்டுச் சக்கரத்தைத் தூக்கினேன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினேன். டக், டக் என்று ஆடியது. பிறகு சக்கரத்துக்கு மேலே இருக்கிற சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஸ்பிரிங் மணலை அரைக்கிற மாதிரி நறநறவென்று உள்ளங்கையில் ஏறியது. "கை வச்சுப் பாருங்க தாதா," என்றேன். வைத்தார். கையை எடுத்துவிட்டு, உள்ளே போய் என் கணவருக்கு ஃபோன் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கும்போதே இவர், "ஏய், விஷயம் தெரியுமா? ஹப் போயிருச்சாம்! மெக்கானிக் சொல்றார்," என்கிறார். புதுச் செய்தி! என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தட்டில் சோற்றைப் போட்ட சத்தத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரிந்ததோ என்னவோ, புதன்கிழமை அவரே போய் ஹப்பை வாங்கி வந்துவிட்டார். வியாழக்கிழமை எனக்கு லீவு, கூடவே நின்று மாட்டச் சொல்லலாம் என்றிருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "நீ ஸ்கூலுக்குப் போ, வண்டியை நான் பாத்துக்கறேன்," என்றார். கூட்டம் முடிந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். அதற்குள் சக்கரத்தை மாட்டி, நடு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார் மெக்கானிக், வெறும் நீளக் கம்பியை வைத்து.

"டார்க் ரெஞ்ச் எங்க தாதா? அந்த நட்டை அதுல அளவு பாத்துத்தான் முறுக்கணும். கூடினாலும் குறைஞ்சாலும் புது பேரிங்கு போயிரும்."

"இருபது வருஷக் கை வைனி. கைதான் டார்க் ரெஞ்ச்."

அந்த இடத்தில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கணவர், "விடு விடு, மானம் போகுது," என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே எங்கேயோ போய் ரெஞ்சை இரவல் வாங்கி வந்து முறுக்கினார். அதன் பிறகுதான் என் கணவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "எந்த ஐட்டம்னு கேக்கவே இல்லையே? உங்க கம்பெனி மாலு! கூட வேலை பாக்கறவன் ஒரு கடை சொன்னான். வேற எதை வாங்கினாலும் நீ குத்தம் சொல்லுவ, அதான் தேடிப் பிடிச்சு இதையே வாங்கினேன்."

என்ன சொல்ல. என் கோபமெல்லாம் அப்படியே இறங்கிவிட்டது. மனுஷன் நமக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று ராத்திரி கத்திரிக்காய் வதக்கிப் போட்டேன், அவருக்குப் பிடிக்கும் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, எதற்கும் நாமே ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்று வேலைக்குக் காரிலேயே கிளம்பினேன். பழைய உறுமல் இல்லை. ஐம்பது, அறுபது, ஒன்றும் இல்லை. மேம்பாலத்து வளைவில் ஏறும்போது அதே இடது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு கிர்ர். ரேடியோ போட்டிருந்தால் யாருக்கும் கேட்காது. ஆனால் அந்தக் கிர்ரை நான் தினமும் இயந்திரத்தில் கேட்கிறேன். உள்ளே குண்டுகள் உருளும் ஓடுபாதை கெட்டுப்போன பேரிங் போடுகிற சத்தம் அது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் தொழிற்சாலை கார்க் கம்பெனிகளுக்கு மட்டும்தான் மால் கொடுக்கிறது. கடைக்கு ஒரு உருப்படிகூடப் போகாது. அப்படியானால் இவர் வாங்கினது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நேற்றே கேட்டிருக்க வேண்டியவள், கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன்.

பாலம் இறங்கியதும் வண்டியைத் திருப்பினேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போய், "கழட்டுங்க," என்றேன். அவருக்கு எரிச்சல். நேற்றுத்தானே மாட்டினோம், அதுவும் நீங்கள் கேட்ட ரெஞ்சை வைத்துத்தானே முறுக்கினோம் என்றார். நானே ஜாக்கியை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்து சக்கரத்தை எடுத்தார், பிரேக் தட்டை எடுத்தார். ஹப்பின் முகம் தெரிந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்தேன். போல்ட்டின் அடியில் ஒரு ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. தின்னர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், அந்த இடுக்கில் மட்டும் போகவில்லை. இன்னும் துடைத்தேன். இரும்பில் பொறித்த எண் தெரிந்தது. நாலு. எண்ணுக்குக் கீழே ஒரு கோடு.

எங்களிடம் கெட்டது என்று தள்ளுகிற ஒவ்வொரு ஹப்பிலும் சிவப்புப் பெயின்ட் அடிப்போம். அடித்துவிட்டு, தள்ளியது யார் என்று தெரிவதற்காக அவரவர் எண்ணை மின்பேனாவால் பொறிப்போம். கீழே கோடு போட்டால் ஓடுபாதை தீய்ந்துவிட்டது, சீக்கிரமே செதில் செதிலாகப் பெயரும் என்று அர்த்தம். நாலு என் எண். நான் சுழற்றிப் பார்த்து, ஆகாது என்று தள்ளின ஹப்பை என் பிள்ளை உட்காரும் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள்.

"அயோக்கியப் பசங்க!" என்று கத்தினேன், தமிழில். மெக்கானிக் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றார். கடைக்காரனைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், ஃபோனில் கணவரைத் திட்டினேன். "நாளைக்கு டாக்ஸியில கூட்டிட்டுப் போங்க, இந்தக் காரை யாரும் தொடக்கூடாது!" என்றேன். அவர் பதறிப்போய், "சரி சரி, டாக்ஸி சொல்லிடறேன். ஆனா ஒண்ணு சொல்லு, தள்ளின சாமானை நீங்க வெட்டித்தானே வெளிய அனுப்புவீங்க?" என்றார்.

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

வெட்டித்தான் அனுப்ப வேண்டும். தள்ளின ஹப் ஒவ்வொன்றையும் கேஸ் கட்டர் வைத்து இரண்டாக வெட்டிய பிறகுதான் பழைய இரும்பு லாரியில் ஏற்ற வேண்டும். தரம் பார்க்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்து, "என் முன்னால் வெட்டப்பட்டது" என்கிற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வியாழன் லீவு என்பதால் லாரி வருவது புதன்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் முடிகிற நேரம். நின்று பார்த்தால் கம்பெனி பஸ் போய்விடும். அப்புறம் இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, முழங்காலை மடக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் நாங்கள் எல்லோரும் டீ நேரத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு புதன்கிழமை காய்ச்சல், அதற்கடுத்த புதன்கிழமை மழை. அதற்கடுத்து எனக்குப் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பழகிவிட்டது. பத்து வருடம்! வேலியே பயிரை மேய்ந்த கதை. இதில் அடுத்தவன் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கவில்லை என்று தெருவே பார்க்கச் சண்டை போட்டவள் நான்.

மெக்கானிக்கிடம் அந்த ஹப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். பழைய செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அந்தக் கடைக்குப் போனேன். இடத்தைக் கணவர் மெசேஜில் அனுப்பியிருந்தார். பழைய இரும்புக் கடைகளின் வரிசையில், தகரக் கூரைக்குக் கீழே, முன்னால் ஒரு தட்டு நிறைய ஹப்புகள், புதுசு மாதிரி கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் பையில். நான் அனுமதி கேட்கவில்லை. ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தேன். நாலு. அடுத்தது, இரண்டு. அடுத்தது, நாலு. அதற்கடுத்ததும் நாலு.

"என்ன மேடம், பிடிக்கலைன்னா பணத்தை வாங்கிட்டுப் போங்க. எதுக்குத் துணியைக் கெடுத்துக்கறீங்க?" என்றார் கடைக்காரர், என் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு. அவர் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஒரு ஹப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் வேன் ஓட்டுகிறவர் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அந்த வேனுக்கும் எங்கள் காருக்கும் ஒரே ஹப்தான்.

"அதை வாங்காதீங்க அண்ணா," என்றேன் அவரிடம். "அது கெட்ட சாமான்."

"கம்பெனி மால்னு சொல்றாரே?"

"கம்பெனி தள்ளின மால்."

கடைக்காரர் சிரித்தார். "எதிர்க் கடைக்காரன் ஆள் அனுப்பி வியாபாரத்தைக் கெடுக்கறான். இதோட மூணாவது தடவை." அந்த டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முந்தானை முழுக்க கிரீஸ், தலை கலைந்து கிடக்கிறது, கையில் செய்தித்தாள் பொட்டலம். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஓடுபாதை, தீய்ந்த தடம், கீழே கோடு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். குரல்தான் உயர்ந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கும் கொஞ்சம் தெரியும். கெட்டதைக் கம்பெனியில வெட்டிப் போட்டுடுவாங்க. இது முழுசா இருக்கே?" என்றார்.

கடைக்காரரும் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஐந்து நாளாக ஊரையே திட்டித் தீர்த்த வாயால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"வெட்டலை," என்றேன். "வெட்டிட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டது நான். பாக்காமலே போட்டேன். இந்த நாலு என் எண்."

டிரைவர் ஹப்பைத் தட்டில் வைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக ஒருத்தர் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பினார்.

"போன வாரம் வலது பக்கத்துக்கு இங்கேதான் ஒண்ணு வாங்கி மாட்டினேன்," என்றார். "காலையில இருந்து அதுல ஆறு டிரிப் அடிச்சிருக்கேன். ஆள் நிறைய."

வேன் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. பின்கதவில் ஒரு குழந்தையின் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. ஏறுகிற அவசரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனது. அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வேனிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து கீழே வைத்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அக்கா," என்றார்.